கார் கதவுக்குள்ள துரு: வாசகர் கேள்வி பதில்

பழைய கார் ரீஸ்டோர் பண்றவங்க கேள்வி அனுப்பலாம்னு போன இதழ்ல சொல்லியிருந்தோம். இன்ஜின், கார்புரேட்டர்னு வரும்னு நினைச்சேன், ஆனா பிரிச்சுப் பாத்தா கதவு கதவுன்னே வந்திருக்கு. எனக்கு சந்தோஷம்தான், ஏன்னா ரீஸ்டோரேஷன்ல கண்ணுக்குத் தெரியாத இடம்னு எல்லாரும் தாண்டிப் போறது இந்தக் கதவோட உள்பக்கத்தைத்தான். அதனால இந்தத் தடவை முழுக்க கதவு.

கேள்வி: அப்பா வச்சிருந்த 1984 மாடல் அம்பாசிடர் சார். எங்க வீடு நாகப்பட்டினத்துல, கடல் பக்கம்தான். ரெண்டு வருஷம் முன்னாடி நல்லா செலவு பண்ணி டிங்கரிங், பெயிண்டிங் எல்லாம் முடிச்சேன். இப்ப பின் கதவு ரெண்டுலயும் அடிப்பக்கம் கொப்புளம் கொப்புளமா கிளம்புது. பெயிண்டர் 'கடல் காத்து சார், ஒண்ணும் பண்ண முடியாது'ன்றார். திரும்ப பெயிண்ட் அடிக்கறதுக்கு முன்னாடி கதவுக்குள்ள என்ன போடணும்?
- வாசகர், நாகப்பட்டினம்

கடல் காத்து ஒரு காரணம்தான், உப்பு இருந்தா துரு வேகமா போகும், அதை மறுக்கல. ஆனா காத்து மேல பழியப் போட்டுட்டு மறுபடி பட்டி (தகட்டுல பள்ளத்தை நிரப்பற பேஸ்ட்) போட்டீங்கன்னா இன்னும் ரெண்டு வருஷத்துல இதே இடத்துல இதே கொப்புளத்தைப் பாப்பீங்க. ஏன்னா அந்தத் துரு வெளியில இருந்து உள்ள போகல, உள்ள இருந்து வெளிய வந்துட்டிருக்கு. பெயிண்ட் மேல கொப்புளம் தெரியுற அன்னிக்கு அந்த இடத்துல தகடு பாதிக்கு மேல போயிருக்கும், ஸ்க்ரூ டிரைவர் முனைய வச்சு லேசா அமுக்கிப் பாருங்க, பல தடவை உள்ள இறங்கிடும்.

இதுல முதல்ல புரிஞ்சுக்க வேண்டியது ஒண்ணு இருக்கு. கார் கதவுக்குள்ள தண்ணி போகத்தான் செய்யும், அதை நிறுத்த முடியாது. கண்ணாடி ஏறி இறங்குற இடத்துல வெளிப்பக்கம் ஒரு ரப்பர் பீடிங் இருக்குல்ல, அது தண்ணிய வழிச்சு விடும், முழுசா அடைக்காது, புதுக் கார்லயும் அதான் கதை. கண்ணாடி வழியா உள்ள இறங்குற தண்ணி வெளித்தகட்டோட உள்பக்கமா ஓடி, அடியில இருக்கற ஓட்டை வழியா ரோட்டுல சொட்டிடணும், கதவை டிசைன் பண்ணினதே இப்படித்தான். அந்த ஓட்டை அடைஞ்சா கதவு ஒரு தொட்டி ஆயிடுது, அவ்வளவுதான் விஷயம்.

இன்னிக்கே ஒரு சோதனை பண்ணுங்க. கண்ணாடிய ஏத்திவிட்டு, ஒரு சொம்பு தண்ணிய கண்ணாடி வெளிப்பக்கம் மெதுவா ஊத்துங்க, ஊத்திட்டு குனிஞ்சு கதவோட அடி விளிம்பைப் பாருங்க. கொஞ்ச நேரத்துலயே ரெண்டு மூணு இடத்துல சொட்டணும். சொட்டலைன்னா உள்ளயே நிக்குதுன்னு அர்த்தம்.

ஒரு பிரீமியர் பத்மினி கார் கதவை நான் பிரிச்சது இன்னும் அப்படியே நினைவுல இருக்கு. மே மாசம், கத்திரி வெயில், மூணு வாரமா ஒரு பொட்டு மழை இல்ல. டோர் பேடை (கதவை உள்பக்கம் மூடற அட்டை) கழட்டிட்டு கைய விட்டு அடியில தடவினா விரல்ல ஈரம்! வெளிய எடுத்தா காபிப் பொடி டிகாஷன் போட்ட பிறகு ஃபில்டர்ல தங்குமே, அதே மாதிரி ஒரு சக்கை. அதுல மக்கிப் போன வேப்பிலை, மண்ணு, பழைய பீடிங்ல இருந்து உதிர்ந்த பொடி, நாலா மடிச்ச ஒரு பஸ் டிக்கெட். கண்ணாடி இடுக்குல விழுந்தது எல்லாம் வருஷக்கணக்கா அங்கதான் சேர்ந்திருக்கு, சேர்ந்து ஓட்டைய அடைச்சு, ஈரத்தை ஸ்பாஞ்ச் மாதிரி பிடிச்சு வச்சிருக்கு. அந்தக் காரை வெளியில எவ்வளவு பாலிஷ் போட்டுத் தொடைச்சாலும் என்ன ஆகப் போகுது.

அடி விளிம்புல இன்னொரு சிக்கல். வெளித்தகட்டை உள்ஃப்ரேம் மேல மடிச்சு அமுக்கியிருப்பாங்க, டிங்கர் அண்ணங்க 'மடிப்பு'ன்னு சொல்ற இடம். ரெண்டு தகட்டுக்கு நடுவுல தலைமுடி அளவு இடைவெளி, அதுக்குள்ள தண்ணி தானா ஏறி உக்காந்துக்கும், வெயில்ல கூட சீக்கிரம் காயாது. துரு பிடிச்ச இரும்பு, இருந்த இடத்தை விட ரெண்டு மூணு மடங்கு இடத்தை அடைச்சுக்கும், அதனால மடிப்பு உப்பி வாயப் பிளக்கும், பிளந்தா இன்னும் தண்ணி. உங்க கொப்புளம் அடி விளிம்புல இருந்து ரெண்டு மூணு இன்ச்சுக்குள்ள வரிசையா இருந்தா இதேதான்.

போன தடவை என்ன நடந்திருக்கும்னு ஊகிக்க முடியுது. வெளிப்பக்கம் கிரைண்டிங் போட்டு, பட்டி இழுத்து, உப்புத்தாள் தேச்சு, ரெட் ஆக்சைடு, அப்புறம் பெயிண்ட். உள்பக்கம் யாருமே பாக்கல. பட்டிங்கறது தண்ணிய உறிஞ்சற பொருள், பொத்தல் விழுந்த தகட்டுல போட்டா பின்பக்கத்துல இருந்து ஈரத்தைக் குடிச்சு ஊறும். மேல எவ்வளவு நல்ல பெயிண்ட் அடிச்சாலும் அது தாங்காது. உங்க பெயிண்டரை நான் குறை சொல்லல, அவர்கிட்ட யாரும் உள்பக்கத்துக்கு காசு கொடுக்கறதில்ல, கேக்கறதும் இல்ல.

இப்ப வேலை. டோர் பேட், ஹேண்டில், கண்ணாடி, கண்ணாடி மெஷின், லாக் எல்லாம் கழட்டணும், முடிஞ்சா கதவையே கீல்ல இருந்து எடுத்துடுங்க, பெஞ்ச்ல படுக்க வச்சு வேலை பாக்கறது எவ்வளவோ மேல். எது எந்த ஸ்க்ரூன்னு ஃபோன்ல போட்டோ எடுத்துக்கங்க. குப்பைய வாக்யூம்ல இழுத்து, தண்ணி அடிச்சுக் கழுவி, முக்கியமா உப்பு போற வரைக்கும் நல்ல தண்ணியில கழுவி (போர் தண்ணி உப்பா இருந்தா குடிதண்ணி எடுத்துக்கங்க), கம்ப்ரசர் காத்து அடிச்சு, அதோட விட்டுடாம ஒரு முழு நாள் வெயில்ல வச்சுக் காயவிடுங்க. மடிப்பு காயறதுக்குத்தான் அந்த ஒரு நாள்.

காஞ்ச பிறகு பொத்தல் விழுந்த பகுதிய பட்டியால மூடாதீங்க, வெட்டி எடுங்க. அடியில மூணு நாலு இன்ச் பட்டையா வெட்டி, 20 கேஜ் சி.ஆர். ஷீட்டுல (கோல்ட் ரோல்டு இரும்புத் தகடு) புது மடிப்பு செஞ்சு வெல்டிங். கேஸ் வெல்டிங் சூட்டுல தகடு நெளியும், சிஓ டூ வெல்டிங்ல புள்ளி புள்ளியா, இடம் மாத்தி மாத்தி வச்சா நெளியாது. மடிக்கறதுக்கு முன்னாடியே ரெண்டு தகட்டுலயும் உள்பக்கம் வெல்டிங்குக்குன்னு விக்கற ஜிங்க் ப்ரைமர் அடிச்சிடணும், மடிச்ச பிறகு அந்த இடத்துக்கு எந்த பிரஷ்ஷும் போகாது. பொத்தல் விழாத இடத்துல உரியற துருவ ஒயர் பிரஷ்ல எடுத்துட்டு, பளபளன்னு இரும்பு தெரியற இடத்துக்கு டூ-கே (ரெண்டு பொருள் கலந்து அடிக்கற) எபாக்சி ப்ரைமர். இரும்பைத் தேச்ச அன்னிக்கே ப்ரைமர் அடிச்சிடுங்க, உங்க ஊர்ல ராத்திரி விட்டா காலையில செம்பழுப்பா நிக்கும், வெறுங்கையால தொட்ட விரல் ரேகை கூட அப்படியே துருவா பதியும், கை வேர்வையில இருக்கற உப்பு அது.

கை எட்டாத மூலையில ரஸ்ட் கன்வெர்ட்டர். இது நிறைய பேர் தப்பா பயன்படுத்தறது. டானிக் ஆசிட், பாஸ்பாரிக் ஆசிட்னு ரெண்டு வகை வருது, துருவோட சேர்ந்து அதைக் கருப்பா கெட்டியா மாத்தும். பளபளப்பான இரும்பு மேல போட்டா பிரயோஜனம் இல்ல, பொரியல் மாதிரி உதிர்ற துரு மேல போட்டா மேல்தோல் மட்டும் மாறும். முக்கியமா ஆசிட் மிச்சம் தங்கின இடத்துல எபாக்சி சரியா ஒட்டாது, அதனால டப்பாவுல சொன்ன மாதிரி கழுவியோ தொடைச்சோ காயவச்சிட்டுத்தான் அடுத்தது. எபாக்சி அடிக்கற இடம் வேற, கன்வெர்ட்டர் போடற இடம் வேறன்னு பிரிச்சு வச்சுக்கறதுதான் என் வழக்கம்.

அப்புறம் மடிப்போட விளிம்புல சீம் சீலர் (இடுக்கை அடைக்கற பசை), அடி ஓட்டைகளை மட்டும் விட்டுட்டு. அதுக்கப்புறம் வெளிப் பெயிண்ட். பெயிண்ட் முழுசா காஞ்ச பிறகு கடைசியா கேவிட்டி வேக்ஸ், அதாவது கதவுக்குள்ள பீச்சற துருத்தடுப்பு மெழுகு. இந்த வரிசைய மாத்தாதீங்க, இது நான் பட்டுத் தெரிஞ்சது. ஒரு காருக்கு அவசரத்துல வேக்ஸை முதல்ல அடிச்சிட்டேன், அது மடிப்பு வழியா கசிஞ்சு வெளிய வந்து, பெயிண்ட் அடிச்சா மீன் கண்ணு மாதிரி குழி குழியா விழுந்துச்சு, அந்த ரெண்டு கதவையும் மறுபடி முழுசா உரிச்சு அடிச்சேன். பெயிண்டைச் சூடு பண்ணிக் காயவைக்கறவங்ககிட்ட கொடுத்தா வேக்ஸ் உருகி ஓடியே போயிடும். அதோட, வேக்ஸ் அடிச்ச கதவுல பிற்பாடு வெல்டிங் வச்சா தீப்பிடிக்கும், இதை எந்தப் பட்டறைக்குக் காரை விட்டாலும் முதல்லயே சொல்லி வைங்க.

வேக்ஸ் அடிக்கறதுக்கு நுனியில சுத்தி நாலா பக்கமும் பீச்சற மாதிரி நீளமான டியூப் தனியா விக்குது. கண்ணாடிய மேல ஏத்தி, கதவை வெயில்ல கொஞ்சம் சூடாக்கிட்டு, டியூபைக் கடைசி வரைக்கும் உள்ள விட்டு அழுத்திக்கிட்டே மெதுவா வெளிய இழுக்கணும். உள்ஃப்ரேம்ல இருக்கற எல்லா ஓட்டை வழியாவும் இதையே பண்ணுங்க. அடி மடிப்புக்கு ரெண்டு தடவை. கண்ணாடி ஓடற சேனல்ல படாம பாத்துக்கங்க, பட்டா கண்ணாடி முழுக்க மாவு பூசின மாதிரி ஆகும். அடியில சொட்ட ஆரம்பிச்சா மடிப்பு வரைக்கும் போய்ச் சேர்ந்துடுச்சுன்னு அர்த்தம், நல்ல சகுனம். சொட்டறது நின்ன பிறகு ஒரு கம்பிய விட்டு ஓட்டைய மறக்காம திறந்து விடுங்க, ஏன்னா இப்ப அதை அடைக்கப் போறது அந்த வேக்ஸேதான்.

வேலைய மாசி பங்குனியில வச்சுக்கங்க. ஐப்பசி கார்த்திகை அடைமழையில நாகப்பட்டினத்துல இரும்பைத் தேச்சுப் போட்டா ப்ரைமர் டப்பாவத் திறக்கறதுக்குள்ள துரு வந்துடும்.

கேள்வி: எங்க ஊர் பட்டறையில பழைய இன்ஜின் ஆயிலை டீசல்ல கலந்து கதவுக்குள்ள ஸ்பிரே பண்ணிடுவாங்க. முப்பது வருஷமா இதான் பண்றோம், துரு வந்ததே இல்லைன்றாங்க. நீங்க சொல்ற வேக்ஸ் எல்லாம் எதுக்கு அண்ணா, விலையும் ஜாஸ்தி.
- வாசகர், கோயம்புத்தூர்

தம்பி, அவங்க சொல்றதுல உண்மை இருக்கு, எண்ணெய்ப் படலம் இருக்கற இடத்துல தண்ணி இரும்பைத் தொடாது, அதனால ஒண்ணுமே போடாத கதவை விட அது மேல்தான். கோயம்புத்தூர் ஈரம் கம்மியான ஊர், கடல் தூரம், அதுவும் ஒரு காரணம்.

ஆனா இன்ஜின்ல ஓடி முடிச்ச ஆயில் சுத்தமான ஆயில் இல்ல. எரிஞ்ச கரி, இரும்புப் பொடி, அமிலம் எல்லாம் அதுல சேர்ந்திருக்கும், எந்த இரும்பைக் காப்பாத்தணும்னு அடிக்கறோமோ அதையே அரிக்கற சரக்கு. டீசல் கலந்தா இன்னும் நீர்த்துப் போய் வெயில்ல சீக்கிரமே அடியில வழிஞ்சிடும், மேல்பாகத்துல ஒண்ணும் மிஞ்சாது, அடியில மிஞ்சறது தூசியோட சேர்ந்து கரிப்பசையா மாறி ஓட்டைய அடைக்கும். பீடிங் ரப்பர் எண்ணெயில ஊறி உப்பி நொளநொளன்னு ஆயிடும். நாளைக்கு அதே கதவுல பெயிண்ட் வேலை வந்தா எந்த பெயிண்டரும் உங்களை வாழ்த்த மாட்டார். இது எல்லாத்துக்கும் மேல அடிக்கற பையனோட கையும் மூச்சும் இருக்கு, பழைய இன்ஜின் ஆயில்ல கேன்சர் வரவைக்கற பொருள் சேர்ந்திருக்கும், அதை ஸ்பிரேயா காத்துல விட்டு ஒரு சின்னப் பையன் கர்ச்சீப் கூட கட்டாம நிக்கறதைப் பாத்தா எனக்கு மனசு கேக்காது.

விலைதான் பிரச்சனைன்னா உங்க ஊர்லயே வழி இருக்கு. லேத் பட்டறை, பம்ப் கம்பெனியில செஞ்ச பார்ட்டைத் துருப்பிடிக்காம ஸ்டாக் வைக்க ரஸ்ட் ப்ரிவென்டிவ் ஆயில் வாங்குவாங்க, ஆர்.பி.ஓ.ன்னு கேட்டா லூப்ரிகன்ட் கடையில தெரியும். அதுல காஞ்ச பிறகு மெழுகுப் படலமா நிக்கற வகை வேணும்னு கேட்டு வாங்குங்க, எண்ணெயாவே இருக்கற வகை வேணாம். கேவிட்டி வேக்ஸ் அளவுக்குத் தன்னால இடுக்குக்குள்ள ஊர்ந்து போகாது, சீக்கிரம் திரும்ப அடிக்கவும் வேண்டி வரும், ஆனா பழைய ஆயிலை விட நூறு பங்கு மேல்.

கேள்வி: 2023 மிக்ஜாம் புயல்ல எங்க மாருதி 800 கண்ணாடி வரைக்கும் தண்ணியில நின்னுச்சு. இன்ஜின் வேலை, சீட்டு எல்லாம் அப்பவே பாத்தாச்சு, ஓடுது. இப்ப பெயிண்ட் பண்ணலாம்னு இருக்கேன். கதவைத் தனியா பிரிச்சுப் பாக்கணுமா?
- வாசகர், வேளச்சேரி

பாக்கணும், பெயிண்ட் கடைக்குப் போறதுக்கு முன்னாடி. மழைத்தண்ணி வேற, வெள்ளத்தண்ணி வேற. வெள்ளம் சேத்தையும் சாக்கடையையும் சேத்துக்கிட்டுத்தான் கதவுக்குள்ள போகும், தண்ணி வடிஞ்சிடும், வண்டல் வடியாது. 2015 வெள்ளத்துல மாட்டின ஒரு காரை ரெண்டு வருஷம் கழிச்சு ஒருத்தர் கொண்டு வந்தார், கதவு அடியில ரெண்டு இன்ச் உயரத்துக்குக் களிமண் அச்சு வார்த்த மாதிரி கெட்டிப்பட்டிருந்துச்சு, மேல காஞ்ச ஓடு, உடைச்சா உள்ள இன்னும் கருப்பு ஈரம், நாத்தம். ஓடுற காரு, சர்வீஸ் எல்லாம் ஒழுங்கா விட்டிருக்கார், ஆனா எந்த சர்வீஸ்லயும் கதவைப் பிரிக்க மாட்டாங்கன்னு அவருக்குத் தெரியல.

மாருதி 800 கதவுத் தகடு அம்பாசிடர் மாதிரி தடிமன் இல்ல, மெல்லிசு, அதனால உங்களுக்கு அவகாசமும் கம்மி. டோர் பேடைக் கழட்டி, கெட்டி மண்ணை மரக்குச்சியால கிண்டி எடுங்க, ஸ்க்ரூ டிரைவர் வேண்டாம், இருக்கற பெயிண்டையும் சுரண்டிடும். அப்புறம் ஹோஸ் பைப்பை உள்ள விட்டு, அடி ஓட்டையில தெளிஞ்ச தண்ணி வர்ற வரைக்கும் விடுங்க, கதவுக்கு பத்து நிமிஷம் ஆனாலும் பரவால்ல. ஃபோன்ல மாட்டற மாதிரி ஒயர் கேமரா இப்ப சல்லிசா கிடைக்குது, அதை வாங்கி மடிப்பு ஓரமா ஓட்டிப் பாருங்க, துரு எவ்வளவு தூரம் போயிருக்குன்னு பெயிண்டர்கிட்ட காட்டிப் பேச உதவும். கண்ணாடி மெஷினோட பல்லுச் சக்கரத்துலயும் லாக்லயும் வண்டல் இருக்கும், அதையும் கழுவி புது கிரீஸ் வைங்க. மிச்சம் எல்லாம் மேல நாகப்பட்டினத்துக்காரருக்குச் சொன்னதுதான்.

கேள்வி: மழை பெஞ்சா எங்க பத்மினியில முன் சீட்டுக்குக் கீழ மேட் நனைஞ்சு போகுது அண்ணா. கதவு ரப்பர் புதுசு மாத்தியும் நிக்கல. போன தடவை கண்ணாடி மெஷின் மாத்தினப்ப மெக்கானிக் உள்ள இருந்த பிளாஸ்டிக் ஷீட்டைக் கிழிச்சுத் தூக்கிப் போட்டுட்டார், அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்கா? துரு வந்துடுமோன்னு பயமா இருக்கு.
- வாசகி, திருச்சி

சம்பந்தம் இருக்கும்மா, அதுதான் காரணமா இருக்கணும். நீங்க மாத்தின ரப்பர் கதவுக்கும் பாடிக்கும் நடுவுல வர்றது. உங்க தண்ணி அந்த வழியா வரல, கதவுக்குள்ள இறங்கி, உள்ஃப்ரேம்ல இருக்கற பெரிய ஓட்டைகள் வழியா டோர் பேடை நனைச்சு, அது வழியா உள்ள வருது. அந்த பிளாஸ்டிக் ஷீட் அதைத் தடுக்கத்தான் அங்க இருந்துச்சு. பாக்கறதுக்கு ஒரு கேரி பேக் மாதிரி இருக்கும், அதனால எல்லாரும் குப்பைன்னு நினைச்சுடறாங்க.

அது இல்லைன்னா மூணு இடத்துல துரு. டோர் பேடைப் பிடிக்கற கிளிப் ஓட்டைகள்ல, நனைஞ்ச ஹார்ட்போர்டு ஒட்டிக்கிட்டு இருக்கற உள்ஃப்ரேம்ல, அப்புறம் மேட்டுக்குக் கீழ ஃப்ளோர்ல. ஃப்ளோர் போனா கதவை விடப் பெரிய செலவு, அதனால சீக்கிரம் பண்ணிடுங்க.

ஹார்டுவேர் கடையில தடிமனான பாலித்தீன் ஷீட் வாங்கி, டோர் பேடை மேல வச்சு அளவு வெட்டிக்கங்க. ஹேண்டிலுக்கு சின்னதா கிழிச்சா போதும், பெரிசா வெட்டாதீங்க. ஒட்டறதுக்கு ப்யூட்டைல் டேப், கருப்பா களிமண் மாதிரி பிசுபிசுன்னு இருக்கும், பிறகு பிரிக்கணும்னாலும் கிழியாம வரும். வினிகர் வாடை வர்ற சிலிகான் மட்டும் வேண்டவே வேண்டாம், அது காயும்போது அசிட்டிக் ஆசிட் விடும், இரும்பை அரிக்கும். எல்லாத்தையும் விட முக்கியம் இது: ஷீட்டோட அடி ஓரத்தை வெளிய தொங்க விடாதீங்க, கதவு ஃப்ரேம்ல கீழ இருக்கற நீள ஓட்டைக்குள்ள சொருகி விடணும், அப்பத்தான் ஷீட்டுல வழியற தண்ணி திரும்பக் கதவுக்குள்ளயே விழுந்து அடியில வெளியேறும். ஓரத்தைச் சொருகாம விட்டா ஷீட்டே தண்ணிய உங்க மேட்டுக்கு வழிகாட்டிக் கொண்டு வந்து விடும்.

முன் கதவுல முக்கோணமா ஒரு சின்னக் கண்ணாடி திறக்கும் பாருங்க, அதோட ரப்பர் கட்டியாகி வெடிச்சிருந்தா அதையும் மாத்திடுங்க, பத்மினியில அந்த மூலையில தண்ணி நிறையவே இறங்கும்.

கேள்வி: கதவை ஆசிட் டேங்க்ல முக்கி எடுத்து பவுடர் கோட்டிங் பண்ணிட்டா உள்ள வெளிய ரெண்டும் ஒரே வேலையா முடிஞ்சிடாதா? எங்க ஏரியாவுல செவன் டேங்க் ப்ராசஸ் (ஏழு தொட்டியில வரிசையா முக்கி சுத்தம் பண்ற) யூனிட் நிறைய இருக்கு. இல்லைன்னா சேண்ட் பிளாஸ்டிங்?
- வாசகர், ஓசூர்

வெளித்தகட்டை முழுசா பிரிச்சு எடுத்துட்டு, ஃப்ரேம் தனியா தகடு தனியா முக்கறதா இருந்தா டேங்க் நல்ல வழிதான். மடிப்போட முக்கினா ஆசிட் மடிப்புக்குள்ள போகும், திரும்பி வராது, எவ்வளவு தண்ணியில அலசினாலும். ஆறு மாசம் கழிச்சு புது பெயிண்ட் ஓரத்துல மஞ்சளா கசியும்.

பவுடர் கோட்டிங் உள்மூலைக்குப் போகாது, கரண்ட் சார்ஜ்ல ஒட்டற பொருள் அது, மேடான இடத்துல நல்லா பிடிக்கும், குறுகலான குழிக்குள்ள போகாம விளிம்புலயே நின்னுடும். நமக்கு வேண்டிய இடமே அந்தக் குழிதான். சேண்ட் பிளாஸ்டிங் ஃப்ரேமுக்கு ஓகே, வெளித்தகட்டுல நேரா அடிச்சா தகடு அலை அலையா நெளியும், மணல் வேற மடிப்புல தங்கி ஈரம் பிடிக்கும்.

கேள்வி: ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் ஒண்ணு ரீஸ்டோர் பண்ணிட்டிருக்கேன். கதவு சாத்தினா தகர டப்பா மாதிரி சத்தம். டேம்பிங் ஷீட் ஒட்டினா துரு வரும்னு ஒருத்தர், வராதுன்னு ஒருத்தர்.
- வாசகர், சென்னை

மெட்ராஸ்லயே தயாரான கார், அதை இன்னும் ஒருத்தர் செஞ்சுட்டிருக்கார்னு படிக்கவே நிறைவா இருக்கு. ரெண்டு பேர் சொன்னதும் சரி, ஒட்டற விதத்தைப் பொறுத்தது. ப்ரைமர் அடிச்சுக் காஞ்ச தகட்டுல, நடுப்பகுதியில மட்டும், ரோலர் வச்சு காத்துக்குமிழ் இல்லாம அழுத்தி ஒட்டினா ஒண்ணும் ஆகாது. சத்தம் குறைய தகடு முழுக்க மூட வேண்டியதில்ல, நடுவுல பாதி மூடினாலே டப்பா சத்தம் போய் 'தப்'னு சாத்தும். அடியில மூணு இன்ச் கண்டிப்பா காலியா விடுங்க. மேல் ஓரத்தை நல்லா அழுத்துங்க, அங்க வாய் பிளந்தா மேல இருந்து வழியற தண்ணி ஷீட்டுக்குப் பின்னாடி போய் மாட்டிக்கும். ஃபோம் ஷீட் வேண்டாம், தண்ணி குடிக்கும். ஒட்டி முடிச்சு, பெயிண்டும் முடிச்ச பிறகு வேக்ஸை ஷீட் ஓரம் சுத்தி அடிச்சிடுங்க.

கேள்வி: கதவு அடியில இருக்கற ஓட்டை வழியாத்தான் தண்ணியும் தூசியும் உள்ள ஏறுது, எம்-சீல் வச்சு அடைச்சிடலாமா?
- வாசகர், தூத்துக்குடி

தயவுசெஞ்சு அடைக்காதீங்க. ஏற்கனவே அடைச்சிருந்தா இன்னிக்கே குத்தி எடுத்துடுங்க.

கேள்வி: எல்லாம் பண்ணி முடிச்சாச்சு, வேக்ஸும் அடிச்சாச்சு. நம்ம ஊர் வெயிலுக்கு உருகிடாதா? எத்தனை வருஷத்துக்கு ஒரு தடவை திரும்ப அடிக்கணும்?
- வாசகர், மதுரை

நல்ல கேவிட்டி வேக்ஸ் வெயில்ல நிக்கற கதவுச் சூட்டைத் தாங்கற மாதிரிதான் தயாரிக்கறாங்க, கொஞ்சம் இளகும், இளகி சின்னக் கீறல்களை அதுவே மூடிக்கும். முதல் கோடையில அடியில ரெண்டு மூணு சொட்டு தெரிஞ்சா பயப்படாதீங்க, துணியில மண்ணெண்ணெய் தொட்டுத் துடைச்சா போயிடும். சாதாரண மெழுகுவத்திய உருக்கி ஊத்தினா மட்டும் நிக்காது, காஞ்சு வெடிச்சு உதிரும், அந்த வெடிப்புல தண்ணி உக்காரும்.

வருஷக் கணக்கு வச்சுக்காதீங்க, ஊருக்கு ஊர் மாறும், மதுரையில நிக்கற காரும் ராமேஸ்வரத்துல நிக்கற காரும் ஒண்ணு இல்ல. மழை நனைஞ்ச காரை உடனே கவர் போட்டு மூடறவங்களுக்கு இன்னும் சீக்கிரம் தேவைப்படும், கவருக்குள்ள அந்த ஈரம் நாள்கணக்கா நிக்கும், முதல்ல காயவிட்டுட்டு மூடுங்க. புரட்டாசி கடைசியில, மழை தொடங்கறதுக்கு முன்னாடி, நாலு கதவுக்கும் அந்த சொம்புத் தண்ணிச் சோதனைய ஒரு தடவை பண்ணுங்க. அடியில ஒரு வெள்ளைக் கிண்ணத்தைப் பிடிங்க. தண்ணி தெளிவா விழுந்தா அந்த வருஷத்துக்கு விட்டுடலாம். காவி நிறத்துல விழுந்தா டோர் பேடைக் கழட்டிடுங்க.